நேற்று 133, இன்று 400: ஆப் விளம்பரச் செலவு ஏன் இப்படி ஆடுகிறது?

டிஎன்பிஎஸ்சி தேர்வுக்குப் படிப்பவர்களுக்கான ஒரு ஆப் என்று வைத்துக்கொள்வோம். அலுவலகம் மதுரை இலந்தைகுளத்தில். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் விளம்பரத்துக்கு ஒரு நாளைக்கு 3,200 ரூபாய் போகிறது. ஆயிரம் முறை விளம்பரம் காட்ட 80 ரூபாய் என்றால் நாளுக்கு 40,000 இம்ப்ரஷன். நூற்றுக்கு ஒன்று கிளிக் ஆனால் 400 பேர் ப்ளே ஸ்டோருக்குப் போகிறார்கள். ஐந்தில் ஒருவர் இன்ஸ்டால் செய்தால் 80 பேர். அந்த 80 பேரில் ஐந்தில் ஒருவர் 49 ரூபாய் கட்டி முதல் மாதச் சந்தாவில் சேர்ந்தால் 16 பேர். ஒரு சந்தாவுக்கு ஆன செலவு 200 ரூபாய். எல்லாம் கணக்குக்காக எடுத்துக்கொண்ட எண்கள்தான். உங்கள் ஆப்பின் எண்களை இதே இடங்களில் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

இனி எதுவுமே மாறவில்லை என்று வையுங்கள். விளம்பரம் அதே, விளம்பர இடத்துக்கான ஏல விலை அதே, ஆப்பும் அதே. அப்போதும் தினமும் 16 சந்தா வராது. தனித்தனி மனிதர்கள் தனித்தனியாக எடுக்கும் முடிவுகளின் எண்ணிக்கை சராசரியாக 16 என்றால், 16-இன் வர்க்கமூலமான 4 தான் அதன் இயல்பான ஆட்டம். இருபது நாளில் பத்தொன்பது நாள் 8-க்கும் 24-க்கும் நடுவில் எங்காவது விழும். 24 வந்த நாளில் ஒரு சந்தாவுக்கு 133 ரூபாய், 8 வந்த நாளில் 400 ரூபாய். இந்த இரண்டு நாட்களுக்கும் நடுவே எந்த வித்தியாசமும் இல்லை.

விளம்பரக் கேம்பெய்ன் நிலையாக இல்லை என்ற புலம்பலில் பாதிக்கு மேல் இந்தச் சின்ன எண்களின் ஆட்டம் என்பதே என் கணிப்பு. மிச்சத்தில் ஒரு பெரிய பங்கு, அந்த ஆட்டத்தைப் பார்த்துப் பதறி நாமே கைவைத்ததால் வந்தது. நிஜக் கோளாறு இந்த இரண்டுக்கும் அடியில் கிடக்கும். மேலே உள்ள இரண்டையும் விலக்காமல் அதைப் பார்க்க முடியாது.

அதே கேம்பெய்னை வாரக் கணக்கில் பாருங்கள். ஏழு நாளில் சராசரி 112 சந்தா, ஆட்டம் 10 அல்லது 11. பெரும்பாலான வாரங்கள் 91-க்கும் 133-க்கும் இடையில் நிற்கும். 22,400 ரூபாய்க்கு அது 168 முதல் 246 ரூபாய் வரை. இதுவும் அகலமான இடைவெளிதான், ஆனால் முடிவெடுக்கப் போதும். ஒரு வாரம் பொறுக்க முடியாதவர்களுக்கு மூன்று நாள் கூட்டுத்தொகை இருக்கிறது: சராசரி 48, ஆட்டம் 7. கூட்டுத்தொகை 34-க்குக் கீழே இறங்கினால் எழுந்து பாருங்கள். 40 என்றால் டீ குடிக்கப் போகலாம். நடைமுறையில் ஆட்டம் இந்தக் கணக்கைவிடச் சற்று அதிகமாகவே இருக்கும், ஏனென்றால் ஞாயிற்றுக்கிழமையும் புதன்கிழமையும் ஒன்றல்ல, ஏல விலையும் தினம் மாறுகிறது. ஞாயிறை ஞாயிறோடுதான் ஒப்பிட வேண்டும்.

மாவட்டம் மாவட்டமாகப் பிரிப்பது

நம் பக்கத்தில் அதிகம் நடக்கும் தவறு இதுதான். மதுரை, தேனி, திண்டுக்கல், விருதுநகர் என்று நான்கு ஆட் செட், அதாவது தனித்தனி பட்ஜெட்டும் பார்வையாளர் கூட்டமும் கொண்ட நான்கு விளம்பரத் தொகுப்பு. ஒவ்வொன்றுக்கும் 800 ரூபாய். பார்க்க ஒழுங்காக இருக்கும், எந்த ஊரில் நன்றாகப் போகிறது என்று தெரியும் என்ற ஆசையும் நியாயமானது. ஆனால் ஒவ்வொரு செட்டுக்கும் நாளுக்கு நான்கு சந்தாதான் வரும். நான்கின் வர்க்கமூலம் இரண்டு. ஒரு செட்டில் ஒரு நாள் ஒன்றே ஒன்றோ, ஒன்றுமே இல்லாமலோ போவதற்கு 9% வாய்ப்பு உண்டு. நான்கு செட்டையும் சேர்த்துப் பார்த்தால், ஏறக்குறைய மூன்று நாளுக்கு ஒரு முறை ஏதோ ஒரு மாவட்டம் படுத்துவிட்டதாகத் தெரியும். அன்றைக்கு விருதுநகரை நிறுத்துவார்கள், அந்தப் பணத்தைத் தேனிக்கு மாற்றுவார்கள், நான்கு நாள் கழித்துத் தேனி படுக்கும்.

ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமை நடத்தும் மெட்டாவின் கணினிக்கும் இதில் நஷ்டம்தான். ஒரு ஆட் செட், யாருக்குக் காட்டினால் பலன் வரும் என்று கணினி கற்றுக்கொள்ளும் லேர்னிங் கட்டத்தைத் தாண்ட, கடைசிப் பெரிய மாற்றத்துக்குப் பிறகு ஏழு நாளுக்குள் சுமார் 50 முறை நீங்கள் தேர்ந்தெடுத்த ஈவன்ட் (இன்ஸ்டால், சந்தா போன்ற செயல்) நடக்க வேண்டும். ஒன்றாக இருந்தால் வாரம் 112, தாராளமாகத் தாண்டும். நான்காகப் பிரித்தால் ஆளுக்கு 28, ஒன்றுகூடத் தாண்டாது. விளம்பர நிலையைக் காட்டும் டெலிவரி பத்தியில் லேர்னிங் லிமிடெட், அதாவது கற்றல் முடியவில்லை என்று நிற்கும். நான்கு மாவட்டத்தையும் ஒரே ஆட் செட்டில் போட்டுவிட்டு, ஊர்வாரிக் கணக்கு வேண்டுமானால் மாதக் கடைசியில் உங்கள் ஆப்பின் பயனர் தரவிலிருந்து பிரித்துப் பாருங்கள். ஊர்வாரியாகப் பிரிக்க ஒரே நியாயமான காரணம், ஊருக்கு ஊர் விற்கும் பொருளே வேறு என்பது.

எந்த ஈவன்டுக்கு ஆப்டிமைஸ் செய்வது, அதாவது எதைச் செய்யக்கூடியவரைத் தேடச் சொல்வது என்பதும் இதே கணக்குதான். தேவையான தினசரி பட்ஜெட் = 50 × ஒரு ஈவன்டுக்கான செலவு ÷ 7. சந்தா 200 ரூபாய் என்றால் குறைந்தது 1,430 ரூபாய். கையில் 500 ரூபாய்தான் இருக்கிறது என்றால் சந்தாவுக்கு ஆப்டிமைஸ் செய்யாதீர்கள். அதற்கு முந்தைய படி ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்: மாதிரித் தேர்வை முடித்தவர், அல்லது பதிவு செய்தவர். வெறும் இன்ஸ்டாலுக்கு இறங்குவது கடைசி வழி. இன்ஸ்டால் மட்டும் கேட்டால் இன்ஸ்டால் மட்டும் செய்கிறவர்களைத்தான் கணினி தேடிப் பிடிக்கும். நடுப்படி ஈவன்டைத் தேர்ந்தெடுக்கும்போது ஒன்றைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்: அந்தப் படியைச் செய்தவர்களும் செய்யாதவர்களும் பிறகு சந்தா கட்டிய விகிதம் தெளிவாக வேறுபட வேண்டும். வேறுபடவில்லை என்றால் அந்த ஈவன்டால் பயனில்லை.

முதலில் எண் சரியா?

நேற்றைய எண் எப்போதும் மோசமாகத்தான் இருக்கும். திங்கட்கிழமை விளம்பரத்தைத் தட்டியவர் வியாழக்கிழமை சந்தா கட்டினால், மெட்டா அதைத் திங்கட்கிழமைக் கணக்கில் சேர்க்கும். கிளிக்குக்கு ஏழு நாள், பார்த்ததற்கு ஒரு நாள் என்று, சந்தாவை எந்த விளம்பரத்தின் கணக்கில் சேர்ப்பது எனத் தீர்மானிக்கும் வழக்கமான அட்ரிபியூஷன் அமைப்பில், ஒரு நாளின் எண் முழுதாகப் பழுக்க ஒரு வாரம் ஆகும். நேற்றைப் போன வாரத்தோடு ஒப்பிடுவது காயைப் பழத்தோடு ஒப்பிடுவது. இதற்கு ஒரு எளிய வேலை உண்டு. ஒவ்வொரு நாளின் சந்தா எண்ணிக்கையையும் மறுநாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள் என மூன்று முறை ஒரு ஷீட்டில் குறித்து வையுங்கள். நான்கு வாரத்தில் விகிதம் கிடைத்துவிடும். மறுநாள் 10 காட்டியது ஏழாம் நாளில் 16 ஆகிறது என்றால், அடுத்த முறை 10 பார்த்ததும் 16 என்று படித்துக்கொள்ளலாம்.

ஆப்ஸ்ஃப்ளையர், அட்ஜஸ்ட் போன்ற அளவீட்டுக் கருவி வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு தலைவலி. அவை இன்ஸ்டாலை நடந்த தேதியில் வைக்கும், மெட்டா விளம்பரத்தைத் தட்டிய தேதியில் வைக்கும். இரண்டும் ஒருபோதும் நாள்வாரியாக ஒத்துப்போகாது, ஒத்துப்போக வேண்டியதும் இல்லை. வாரக் கூட்டுத்தொகையின் விகிதம் நிலையாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். வழக்கமாக மெட்டா 100 சொன்னால் கருவி 80 சொல்லும் என்றால் அது பிரச்சினை இல்லை. 80 ஒரு வாரத்தில் 55 ஆனால் பிரச்சினை.

நேர மண்டலத்தையும் பாருங்கள். கருவி யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் இருந்தால் அதன் நாள் நமக்குக் காலை 5:30-க்குத்தான் தொடங்கும். விளம்பரக் கணக்கைத் திறக்கும்போது அமெரிக்கப் பசிபிக் நேரத்தை அப்படியே விட்டுவிட்டவர்களுக்கு நாள் பிற்பகல் 12:30-க்கோ 1:30-க்கோ பிறக்கிறது. இரவு ஒன்பதிலிருந்து பதினொன்று வரை படிக்கும் மாணவர்களை நம்பிய ஆப்புக்கு, எந்த இரவு எந்தத் தேதியில் விழுகிறது என்பதே குழம்பிவிடும். கணக்கைப் புதிதாகத் தொடங்குகிறீர்கள் என்றால் கொல்கத்தா நேரம், இந்திய ரூபாய் இரண்டையும் அன்றே சரியாக வையுங்கள். பிறகு மாற்ற வேண்டுமென்றால் புதுக் கணக்கே திறக்க வேண்டிவரும்.

ஈவன்ட் இரட்டிப்பது அடுத்த வழக்கமான கோளாறு. ஆப்பில் சேர்க்கும் ஃபேஸ்புக்கின் நிரல் தொகுப்பான எஸ்டிகே, ஆப்புக்குள் நடக்கும் வாங்குதல்களைத் தானாகவே பதிவு செய்யும் வசதியோடு வருகிறது. அதே வாங்குதலை அளவீட்டுக் கருவியும் மெட்டாவுக்கு அனுப்பினால் ஒரு சந்தா இரண்டாக எண்ணப்படும். ஒரு புது வெர்ஷன் வெளிவந்த நாளிலிருந்து செலவு சரி பாதியாகிவிட்டது என்றால் கொண்டாடுவதற்கு முன் மெட்டாவின் ஈவன்ட் கணக்குப் பக்கமான ஈவன்ட்ஸ் மேனேஜரைத் திறந்து, சர்வரில் உள்ள நிஜப் பண வரவோடு ஒரு நாளை ஒப்பிட்டுப் பாருங்கள்.

இதற்கு நேர் எதிர்க் கோளாறு யூபிஐ-யில் வருகிறது. பயனர் பணம் கட்ட வேறு ஆப்புக்குப் போகிறார். அங்கே பெண்டிங் என்று நிற்கிறது. அவர் திரும்பி வராமல் ஃபோனை வைத்துவிடுகிறார். இரண்டு நிமிடம் கழித்துப் பணம் ஏறிவிடும், ஆனால் நம் ஆப் திறந்திருக்கவில்லை என்பதால் வாங்கிய ஈவன்ட் கிளம்பவே இல்லை. வங்கி சர்வர் மெதுவாக இருக்கும் மாத முதல் வாரத்தில் இது கூடும். பணம் வந்ததா என்பதைப் பேமென்ட் கேட்வே நம் சர்வருக்குச் சொல்கிறது. ஈவன்டையும் அங்கிருந்தே அனுப்புங்கள், ஃபோனிலிருந்து அல்ல. இரண்டு பக்கமும் அனுப்பினால் மேலே சொன்ன இரட்டிப்பு வரும், ஜாக்கிரதை.

ஐஃபோன் பக்கம் வேறு உலகம். 2021 ஏப்ரலில் ஐஓஎஸ் 14.5 வந்ததிலிருந்து தங்களைப் பின்தொடர அனுமதி தராதவர்களின் கணக்கு ஆப்பிளின் தனி அளவீட்டு முறையான எஸ்கேஏட்நெட்வொர்க் வழியாகத் தாமதமாகவும் மூட்டமாகவும்தான் வருகிறது. அதன் நான்காம் பதிப்பில் மூன்று செய்திகள்: முதல் இரண்டு நாளுக்கு ஒன்று, 3 முதல் 7 நாளுக்கு ஒன்று, 8 முதல் 35 நாளுக்கு ஒன்று. முதல் செய்தியே காலக்கெடு முடிந்து 24 முதல் 48 மணி நேரம் கழித்து வரும். எண்ணிக்கை குறைவாக இருந்தால் விவரத்தை ஆப்பிள் மறைத்துவிடும். நாளுக்கு 3,200 ரூபாயில் ஆண்ட்ராய்டையும் ஐஓஎஸ்ஸையும் பிரித்து நடத்துவது வீண். தென் மாவட்டங்களில் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களைத் தேடுகிறீர்கள் என்றால் ஆண்ட்ராய்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எந்தக் கண்ணி அறுந்தது?

எண் சரி, மூன்று நாள் கூட்டுத்தொகையும் எல்லைக்கு வெளியே போய்விட்டது. இப்போது சங்கிலியின் நான்கு கண்ணிகளையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்: ஆயிரம் இம்ப்ரஷனுக்கான விலை, கிளிக் விகிதம், ஸ்டோரில் இன்ஸ்டால் விகிதம், இன்ஸ்டாலிலிருந்து சந்தா விகிதம். மேல் கண்ணிகளில் எண்கள் பெரியவை, அதனால் அங்கே ஆட்டம் குறைவு. 400 கிளிக்குக்கு இயல்பான ஆட்டம் 20, அதாவது 5%. 80 இன்ஸ்டாலுக்கு 11%. 16 சந்தாவுக்கு 25%. சந்தா 20% குறைந்தால் எதுவும் சொல்ல முடியாது. கிளிக் 20% குறைந்தால் நிச்சயம் ஏதோ நடந்திருக்கிறது. அடியில் உள்ள எண்ணை வெறித்துக்கொண்டிருப்பவருக்கு நான்கைந்து நாள் கழித்துத் தெரிவது, மேலே உள்ளதைப் பார்ப்பவருக்கு அன்றே தெரிந்துவிடும்.

விலை ஏறியதா? மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் முகூர்த்த நாளுக்கு மல்லிகை விலை ஏறுவதுபோலத்தான் இது. பூ அதே பூ, கேட்கும் ஆள் அதிகம். ஆடித் தள்ளுபடிக்கு விளக்குத்தூண் பக்கத்து ஜவுளிக்கடைகளும், அட்சய திருதியைக்குத் தெற்கு ஆவணி மூல வீதி நகைக்கடைகளும், தீபாவளிக்கு எல்லோரும் நீங்கள் தேடும் அதே மனிதரின் திரைக்குத்தான் ஏலம் கேட்கிறார்கள். 80 ரூபாய் 110 ஆனால் மற்றதெல்லாம் அப்படியே இருக்க, சந்தாச் செலவு 275 ஆகும். வீடியோவை மாற்றினால் இது தீராது. பட்ஜெட்டை அளவாகக் குறைத்துவிட்டுக் காத்திருப்பது, அல்லது 275 கட்டுபடியாகுமா என்று கணக்குப் போட்டு ஓட்டுவது, இரண்டே வழி. இதைச் சொல்லும்போது ஜிஎஸ்டியையும் மறக்க வேண்டாம். ஆட்ஸ் மேனேஜர் காட்டும் தொகைக்கு மேல் 18% உண்டு. கணக்கில் ஜிஎஸ்டி எண்ணைப் பதிந்து உள்ளீட்டு வரியைத் திரும்ப எடுக்காதவர்களுக்கு 200 ரூபாய் என்பது 236.

வெளியாட்கள் ஏலம் கேட்காமலும் விலை ஏறும். ஆடியன்ஸ் சின்னதாக இருந்தால் நடப்பது அது. 2011 கணக்கெடுப்பில் மதுரை நகரத்துக்கு 10 லட்சத்துக்குச் சற்று அதிகம், சுற்றுப்பகுதியையும் சேர்த்தால் 14 லட்சத்துக்கு மேல். அதில் வயது, ஆர்வம் என்று வடிகட்டி 1.5 லட்சம் பேருக்குச் சுருக்கினால், மாதம் 12 லட்சம் இம்ப்ரஷன் தலைக்கு எட்டு முறை வரும். எல்லோருக்கும் சமமாகப் போகாது என்பதால் சிலருக்கு இருபது முறை. ஒருவருக்கு எத்தனை முறை காட்டப்பட்டது என்ற ஃப்ரீக்வென்சி ஏற, கிளிக் விகிதம் இறங்க, கிளிக் குறைந்த விளம்பரத்துக்கு ஏலத்தில் மதிப்பும் குறையும். மெட்டாவின் ஏலத்தில் பணம் மட்டும் ஜெயிப்பதில்லை, பார்ப்பவர் செயல்படுவார் என்ற மதிப்பீடும் விளம்பரத்தின் தரமும் சேர்ந்தே ஜெயிக்கின்றன. வடிகட்டியைத் தளர்த்தி, தமிழ்நாடு முழுவதும் திறந்துவிடுவதே பெரும்பாலும் மருந்து. தேர்வு எழுதுபவர் தென்காசியில் இருந்தால் என்ன, திருவண்ணாமலையில் இருந்தால் என்ன?

கிளிக் விகிதம் இறங்கியது, ஃப்ரீக்வென்சி ஏறவில்லை என்றால் விளம்பரம் எந்தெந்த இடத்தில் காட்டப்பட்டது என்று பிரித்துக் காட்டும் ப்ளேஸ்மென்ட் பிரேக்டவுன் எடுங்கள். ஃபீடிலிருந்து ரீல்ஸுக்குப் பணம் நகர்ந்திருக்கலாம். சதுரத்தில் வெட்டிய வீடியோ ரீல்ஸில் எடுபடாது. 9:16 அளவில் தனியாகச் செய்யுங்கள். மேலே 14%, கீழே 35%, பக்கங்களில் 6% இடத்தில் எழுத்து வைக்காதீர்கள், அங்கே பெயரும் பட்டன்களும் வந்து மறைக்கும். தமிழில் வாக்கியம் நீளும் என்பதால் நம் விளம்பரங்களில் இந்த வெட்டு அதிகம். ‘குரூப் 4 பொதுத்தமிழ் முழு வகுப்பு’ என்ற வரியில் கடைசிச் சொல் பட்டனுக்கு அடியில் போய்விடும்.

கிளிக் விகிதம் திடீரென்று *ஏறி*, இன்ஸ்டால் விகிதமோ மறுநாள் ஆப்பைத் திறப்பவர் விகிதமோ விழுந்தால் பிறருடைய ஆப்களுக்குள் மெட்டா விளம்பரம் காட்டும் ஆடியன்ஸ் நெட்வொர்க்கைச் சந்தேகப்படுங்கள். விளையாட்டு ஆப்களுக்குள் தவறித் தட்டப்படும் கிளிக்குகள் அங்கே மலிவாகக் கிடைக்கும். அவற்றில் படிக்க வருகிறவர் குறைவு.

ஸ்டோர் பக்கத்தில் விகிதம் விழுந்தால் அது விளம்பரக்காரரின் வேலை இல்லை என்று நினைக்கிறார்கள். பழி மட்டும் அவர்மேல்தான் விழுகிறது. ஆப் வெளியிடுபவர்களுக்கான கூகுளின் ப்ளே கன்சோலைத் திறந்து, அந்த வாரத்தில் ரேட்டிங் இறங்கியதா, ஸ்டோர் பக்கச் சோதனை ஏதாவது ஓடுகிறதா, முதல் ஸ்கிரீன்ஷாட்டை யாராவது மாற்றினார்களா என்று பாருங்கள். பயனர் உணரும் க்ராஷ் விகிதம் 1.09%-ஐயும், ஆப் உறைந்துபோகும் விகிதம் 0.47%-ஐயும் தாண்டினால் மோசமான ஆப் என்று கூகுள் கணக்கு வைக்கிறது, ஸ்டோரில் தெரிவதே குறையும். குறைந்த மெமரி உள்ள ஃபோன்களில் மட்டும் க்ராஷ் ஆகிறது என்றால் டெவலப்பரின் மேசையில் அது தெரியவே தெரியாது. புது வெர்ஷனை 5%, 20%, 50% என்று படிப்படியாக விடுங்கள். வெளியிடும் தேதியை, விளம்பர வேலையைக் கவனிப்பவருக்கு முன்கூட்டியே சொல்லுங்கள்.

கடைசிக் கண்ணியான சந்தாவில் தேவை என்ற விஷயம் வருகிறது. குரூப் 4 அறிவிக்கை வந்த நாளில் எந்த விளம்பரமும் நன்றாக ஓடும், தேர்வு முடிந்த மறுநாள் எதுவும் ஓடாது. அறிவிக்கை நாளில் கிடைத்த 110 ரூபாயை இயல்பு என்று எடுத்துக்கொண்டு அடுத்த மாத இலக்கை வைப்பவர், மாதம் முழுக்க இல்லாத கோளாறைத் தேடிக்கொண்டிருப்பார்.

கைவைப்பது

ஒரு ஆட் செட்டில் ஆடியன்ஸை மாற்றினால், ஆப்டிமைசேஷன் ஈவன்டை மாற்றினால், விளம்பரத்தைத் திருத்தினால், புது விளம்பரம் சேர்த்தால், ஏலம் கேட்கும் பிட் முறையை மாற்றினால், லேர்னிங் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். ஏழு நாளோ அதற்கு மேலோ நிறுத்திவைத்துத் திரும்பத் தொடங்கினாலும் அப்படித்தான். பட்ஜெட் மாற்றம் அளவைப் பொறுத்தது. சின்ன மாற்றம் தொந்தரவு செய்யாது, பெரிய தாவல் செய்யும். இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை 20% என்பது இந்தத் தொழிலில் புழங்கும் வழக்கு, மெட்டாவின் சட்டமல்ல. ஆனாலும் நல்ல வழக்கு. 3,200 இந்த வேகத்தில் ஏறினால் நான்கே படியில் இரட்டிப்பைத் தாண்டிவிடும், அவசரப்பட ஒன்றுமில்லை.

புது வீடியோக்களைத் தினம் ஒன்றாகச் சொருகாமல் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை மூன்று நான்காகச் சேர்த்துப் போடுங்கள். எப்போது ஒன்றை நிறுத்துவது? இங்கேதான் நல்ல விளம்பரங்கள் அநியாயமாகச் சாகின்றன. நிஜமாகவே 200 ரூபாய்க்குச் சந்தா தரக்கூடிய ஒரு வீடியோவுக்கு 200 ரூபாய் செலவழித்து ஒன்றும் வரவில்லை என்பது 37% நடக்கும். பத்து நல்ல வீடியோவில் நான்கு போகும். 400 ரூபாய் வரை பொறுத்தால் அந்தத் தவறு 13 அல்லது 14%, 600 வரை பொறுத்தால் 5%. தானியங்கி விதி எழுதுகிறவர்கள் “செலவு இலக்கைப்போல் மூன்று மடங்கு, சந்தா பூஜ்யம்” என்று எழுதுங்கள். இன்று என்ற கால அளவை விதியில் வைக்காதீர்கள், கடைசி 7 நாள் அல்லது மொத்தக் காலம் வையுங்கள். காலை பத்து மணிக்கு ஓடும் ‘இன்று’ விதி, இரவில் படிக்கும் மாணவர்களைப் பார்க்காமலே தீர்ப்பு எழுதிவிடும்.

செலவே தாறுமாறாகப் போகிறது என்பவர்களுக்கு: தினசரி பட்ஜெட் என்பது சராசரிதான். ஒரு நாளில் 75% வரை கூடுதலாகப் போகலாம், வாரத்தில் ஏழு மடங்கைத் தாண்டாது. 3,200 வைத்தவருக்கு ஒரு நாள் 5,600 போவது கோளாறு அல்ல.

ஒரு சந்தாவுக்கு இவ்வளவுதான் என்று செலவு இலக்கு வைக்கும் முறையைச் சிலர் நிலைத்தன்மைக்கு மருந்தாகச் சொல்கிறார்கள். அது செலவின் ஆட்டத்தை எண்ணிக்கையின் ஆட்டமாக மாற்றித் தருகிறது, அவ்வளவுதான். சராசரி 200 ஆக இருக்கும்போது இலக்கை 150 என்று வைத்தால் விளம்பரம் காட்டப்படுவதே நின்றுபோகும். 230 போல வைத்துத் தொடங்கி, இரண்டு வாரம் ஓடிய பிறகு சிறிது சிறிதாக இறக்கலாம். வாரம் 50 சந்தா வராத கணக்கில் இதைத் தொடவே வேண்டாம்.

பணம் தீர்ந்து விளம்பரம் நிற்பது சின்ன விஷயம்போலத் தெரியும், ஆனால் வரைபடத்தில் விழும் பள்ளங்களில் பல அதுதான். கார்டில் தானாகப் பிடிக்கும் தொகை நிராகரிக்கப்பட்டால் கணக்கு முழுவதும் நிற்கும். யூபிஐ-யில் முன்பணம் போடுகிறவர்கள் வெள்ளிக்கிழமையே ஞாயிறு வரைக்குமான தொகையைப் போட்டு வையுங்கள். அரசியல் தலைவர்கள் முகம் உள்ள நடப்பு நிகழ்வு வீடியோக்களும் அரசியல் விளம்பரம் என்று எண்ணப்பட்டு மறுக்கப்படலாம், போட்டித் தேர்வு ஆப்களுக்கு இது அடிக்கடி வரும் இடையூறு.

வெளிநாட்டு ஆலோசனைகளைப் படிக்கும்போது டிக்டாக் பற்றிய பாதியைத் தள்ளிவிடலாம். 2020 ஜூனிலிருந்து அது இந்தியாவில் இல்லை.

சித்திரை

மதுரைக்குள் மட்டும் வேலை செய்யும் ஆப் என்றால், மளிகை டெலிவரியோ ஆட்டோ புக்கிங்கோ, ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. மெட்டாவில் ஓர் ஊரைத் தேர்ந்தெடுத்தால் அங்கே வசிப்பவரோடு சமீபத்தில் அங்கே இருந்தவரும் சேர்ந்தே வருவார். வசிப்பவர் மட்டும் என்று பிரிக்கும் தேர்வு இப்போது இல்லை. மீனாட்சி திருக்கல்யாணம் தொடங்கி அழகர் ஆற்றில் இறங்கும் வரை லட்சக்கணக்கானவர்கள் ஊருக்குள் வருகிறார்கள். அவர்கள் எல்லோரும் உங்கள் ஆடியன்ஸ் ஆகிவிடுகிறார்கள். இன்ஸ்டால் மலிவாகக் கொட்டும், முதல் ஆர்டருக்கான செலவு ஏறும், அடுத்த வாரம் பரமக்குடியிலும் கம்பத்திலும் இருப்பவர்களுக்கு மதுரை மளிகை விளம்பரம் போய்க்கொண்டிருக்கும்.

ஆட்டோ புக்கிங் ஆப்புக்கு இது அறுவடை, பட்ஜெட்டைத் திருவிழாவுக்கு ஐந்து நாள் முன்பிருந்தே படிப்படியாக ஏற்றலாம். மளிகை ஆப்புக்கு நேர்மாறு. ஆப்டிமைசேஷனை இன்ஸ்டாலில் வைத்திருந்தால் திருவிழாவுக்கு முன்பே முதல் ஆர்டருக்கு மாற்றி, லேர்னிங் முடிய ஒரு வாரம் விடுங்கள். நகரத்தின் பெயரைத் தேர்ந்தெடுப்பதற்குப் பதிலாக, நீங்கள் டெலிவரி செய்யும் கே.கே. நகர், திருநகர், விளாங்குடி போன்ற இடங்களில் வரைபடத்தில் ‘பின்’ குத்தி இரண்டு மூன்று கிலோமீட்டர் சுற்றளவு வையுங்கள். கூட்டம் அதிகம் நிற்கும் கோயிலைச் சுற்றிய வீதிகளையும் வைகைக் கரையையும் அந்தச் சில நாட்களுக்கு விலக்கு பட்டியலில் போடலாம். அந்த நாட்களில் சேர்ந்த பயனர்களைத் தனிக் கூட்டமாகக் குறித்து வைத்து, அவர்களிலிருந்து லுக்அலைக் ஆடியன்ஸ் (அவர்களைப் போன்றவர்களை மெட்டா தேடித் தரும் கூட்டம்) எதுவும் உருவாக்காதீர்கள்.

ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிடும்போது ஏப்ரலை ஏப்ரலோடு வைக்கக் கூடாது. அழகர் இறங்குவது சித்ரா பௌர்ணமியன்று, அந்தத் தேதி ஆண்டுதோறும் நகரும். ஆற்றில் இறங்கும் நாளைப் பூஜ்யமாக வைத்து, அதற்கு முன் பத்து நாள், பின் பத்து நாள் என்று இரண்டு ஆண்டுகளின் ஷீட்டையும் அடுக்கிவிட்டு அதன்பின் ஒப்பிடுங்கள்.